இன்னும் ஒரு ஆள் உள்ளே

எங்கள் தொழிலில் ஒழுங்காக வேலை செய்தால் நாம் ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. பிசகினால் மொத்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடும், அப்போது எல்லோருக்கும் நம் பெயர் தெரியும். கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ‘டிரைவர்’ புரோகிராம் எழுதி வயிறு கழுவும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் கொட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாங்கள் நான்கே பேர் கொண்ட கம்பெனி. உலைச் சூட்டை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பெட்டி செய்கிறோம். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைதான் எங்கள் ஒரே பெரிய வாடிக்கையாளர். இன்னொரு தடவை கம்ப்யூட்டர் நின்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அங்கே மேனேஜர் சொல்லிவிட்டார். பெட்டி திரும்பி வந்தால் எங்கள் நால்வருக்கும் வேலை இல்லை.

இலையை எடுத்தது

எங்கள் ஏசி அறையில் பெட்டியின் ஒயரை யாரும் பிடுங்குவதில்லை. தொழிற்சாலையிலோ ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஒயரைப் பிடுங்கி, காற்றடித்துத் தூசி போக்கி, மறுபடி செருகுவது வழக்கம். திரையில் சூட்டைக் காட்டும் புரோகிராமை மட்டும் மூடமாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய டிரைவர், ஒயர் போன மறுகணமே அந்தப் பெட்டிக்கென்று நினைவகத்தில் பிடித்துவைத்த இடத்தைக் காலி செய்துவிடும். திரை புரோகிராம் இன்னும் அங்கேதான் படித்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் மல்லாந்துவிடும்.

காரணத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், எங்கள் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் சுமதியிடம் விலாவாரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாப்ட்டுக்கினு இருக்கிறவன் எலயத் தூக்கிக்கினு போனா அவன் சும்மா இருப்பானா?"

போகமாட்டேன் என்றது

அதனால் ஒரு கணக்கு வைத்தேன். பெட்டியை யார் பயன்படுத்தத் தொடங்கினாலும் ஒன்று கூடும். முடித்தால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால்தான் இடம் காலியாகும், டிரைவரையும் கழற்ற முடியும். கம்ப்யூட்டர் படுப்பது நின்றது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்து, டிரைவரை மாற்றுவதற்கும் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டியதில்லை என்று மேனேஜருக்குக் கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். முந்தின நாள் அங்கேயே ஒத்திகை பார்த்தேன். எல்லாப் புரோகிராமையும் மூடியாயிற்று. கணக்கு மட்டும் ஒன்றிலேயே நின்றது. உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்களாம். பராமரிப்பு பார்க்கும் டேவிட் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள வரத் தெரியுது, வெளிய போவத் தெரியலியா இதுக்கு?" என்றார்.

தொங்கிய பூட்டு

நமக்குத்தான் குறுக்கு வழி உண்டே! கணக்கு என்ன சொன்னாலும் கட்டாயமாகக் கழற்று என்று ஒரு கட்டளை. அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரே சத்தம். கன்வேயர் பெல்ட்டைப் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்குகிறவர்கள் மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போட முடியாதபடி அதில் ஆளுக்கொரு பூட்டை மாட்டிவிட்டு இறங்குவார்கள். ஏறி வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். அன்று வேலை முடிந்தும் ஒரு பூட்டு மட்டும் தொங்கியது. ஃபிட்டர் செல்வத்தின் பூட்டு.

"அவன் அப்பவே பொன்னேரி பஸ் ஏறியிருப்பான், வெட்டுங்க பூட்டை" என்றார் மேனேஜர். டேவிட் அண்ணன் அசையவில்லை. "பூட்டு இருந்தா ஆளு இருக்கான் சார். நான் வெட்டமாட்டேன்." மேனேஜர் கத்தக் கத்த, அவர் பாட்டுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு குழிக்குள் குனிந்து குரல் கொடுத்தார். பெல்ட்டுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. செல்வம் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னா, அல்லாரும் என் பூட்டயே பாத்துக்கினு நிக்கிறீங்க? ஸ்பேனர் வுழுந்துட்ச்சு, தேடிக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான்

தட்டிய கட்டளையை அழித்துவிட்டு, நான் எழுதியதை முதலிலிருந்து படித்தேன். ஒயர் பிடுங்கியிருக்கும் நேரத்தில் திரை புரோகிராம் பெட்டியைத் தேடி வந்தால், கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு, ‘பெட்டி இல்லை’ என்று திருப்பி அனுப்பும் இடத்தில் குறைக்க மறந்திருக்கிறேன். என் கதையில் உள்ளே யாரும் இல்லைதான். ஆனால் அது தேடிப் பார்த்த பிறகுதானே தெரிந்தது? ஒரு வரி சேர்த்தேன். பழைய கணக்கு ஒழிய, கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். அன்று அவர் உடனே தலையாட்டினார்.

மறுநாள் அவர் முன்னால் ஒயரைப் பிடுங்கி, காற்றடித்து, செருகி, டிரைவரைக் கழற்றி மாட்டினோம். கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜர் கேட்டார்: "அவ்ளோதானா? இதுக்கா இத்தனை நாள்?"

சக ஜீவன்களே, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பதற்கும், பார்த்த பாவத்துக்கு இப்படிப் பேச்சு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம்.