தன்ஷிகாவின் தோளில் ஓர் அம்புக்குறி

“ஏனுங்க்கா, வாரா வாரம் பக்கம் பக்கமா எழுதறீங்க. எங்க கிரீச் புள்ளைங்களுக்கு நாலு ஃபாரம் எழுதிக் குடுக்க மாட்டீங்களா?”

நாலு மாதத்துக்கு முன் சுபா டீச்சர் போனில் இப்படிக் கேட்டார். மறுக்க முடியுமா? நல்லூரில் எங்கள் தெருவை ஒட்டியிருக்கும் ஒரு பனியன் கம்பெனியில், வேலை செய்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். பிள்ளைகளை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? காப்பீட்டு அட்டை இருக்கும். அதில் அப்பா பெயர் இருக்கும், அம்மா பெயர் இருக்கும்... பிள்ளை பெயர் இருக்காது. காரணம், ரேஷன் கார்டில் பிள்ளையைச் சேர்க்கவில்லை. அந்தக் கார்டு எங்கே? ஊரில், மாமனார் வீட்டு பீரோவில். பிழைக்க வருகிறவர்கள் அம்மிக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கார்டை மட்டும் விட்டுவிட்டு வருகிறார்கள்.

டீச்சரின் லிஸ்டில் முதல் பெயர் தன்ஷிகா. மூன்று வயது. அம்மா முத்துமாரி, விருதுநகர் பக்கம், அதே கம்பெனியில் செக்கிங் வேலை. குழந்தைக்குக் குடலிறக்கம். இருமினால், அழுதால் அடிவயிற்றில் ஓரமாகப் புடைத்துக்கொள்ளும். சிக்கிக்கொண்டால் ஆபத்து, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அப்போதே இரண்டு மாதமாகியிருந்தது. காப்பீட்டில் பெயர் ஏறினால் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும்.

கிரீச் வாசலில் டேபிள் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் அஞ்சரை மணி. அம்மாக்கள் வந்தார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள், போனார்கள். “நாளைக்குப் பாத்துக்கலாங்க்கா.” “ஷிப்மென்ட் முடியட்டுங்க்கா.” மூன்று நாளில் நான் நிரப்பிய ஃபாரம் எத்தனை தெரியுமா? நான்கு!

எழுத வருவதற்கு முன் பதினோரு வருடம் நானும் செக்கிங்கில் நின்றவள்தான். பழைய புத்தி சும்மா இருக்குமா? பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆயிரம் பீஸ் குவிந்து கிடந்தாலும் அது கண்ணில் படும். சரி, பெயர் சேராத பிள்ளைகளின் தோளில் ஆளுக்கொன்று ஒட்டிவிட்டால்? அம்மாக்கள் என்ன ஏது என்று நின்று கேட்பார்களே!

என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒட்டினேன்.

கேட்டார்கள். முதலில் கேட்டது முத்துமாரி.

“என்னக்கா இது? ஏம் பிள்ள என்ன ரிஜெக்ட் பீஸா?”

காலையிலிருந்து அந்த ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டி ஒதுக்கிவிட்டு வந்தவள், அதே ஸ்டிக்கரைத் தன் பிள்ளை தோளில் பார்க்கிறாள். வேறெப்படிக் கேட்பாள்? “அப்படியில்ல கண்ணு...” என்று ஆரம்பிப்பதற்குள் அதைப் பிய்த்து என் டேபிள் மேல் ஒட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் தன்ஷிகா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முத்துமாரி மட்டும் வேலைக்கு வருவதாக டீச்சர் சொன்னார். “எங்கண்ணு முன்னாடி இருந்தா புடைச்சுதுன்னா ஓடுவனுங்க. அங்க ஆரு பாப்பாங்க?” என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தன்ஷிகாவின் தட்டும் டம்ளரும் அலமாரியில் அப்படியே இருந்தன. அந்த டம்ளரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நானும் கம்பெனி கிரீச்சில் வளர்ந்தவள். இன்றைக்கு இருப்பதுபோல ரப்பர் பாய், சுவரெல்லாம் யானை, ஒட்டகம் எல்லாம் அன்றைக்குக் கிடையாது. கட்டிங் ஹாலுக்குப் பின்னால் ஒரு நீள அறை. வேஸ்ட் துணியை அடைத்துத் தைத்த மெத்தைகள். புதுத் துணியின் கஞ்சி வாசமும், கொதிக்கும் பாலின் வாசமும் கலந்து அடிக்கும். இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, நம்புங்கள்.

எங்களைப் பார்த்துக்கொண்டது ஜமீலா அக்கா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆள். அவர் ஒரு வேலை செய்வார். காலையில் உள்ளே நுழைந்ததும், கட்டிங் வேஸ்ட்டிலிருந்து கிழித்த ஒரு துணிப் பட்டையை ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் கட்டிவிடுவார். அம்மா தையலில் இருந்தால் நீலம், செக்கிங் என்றால் பச்சை, பேக்கிங் என்றால் மஞ்சள். என்னுடையது நீலம். எங்களுக்கெல்லாம் அதுதான் வளையல், அதுதான் வாட்ச். பச்சைக் கட்சி, நீலக் கட்சி என்று பிரிந்து சண்டைகூடப் போடுவோம்.

ஒருமுறை காய்ச்சலில் எனக்கு வலிப்பு வந்துவிட்டதாம். ஜமீலா அக்கா என் கையைப் பார்த்திருக்கிறார், நீலம்... நேரே தையல் ஹாலுக்கு ஓடி, மெஷினில் இருந்த அம்மாவை அப்படியே எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார். யாரையும் விசாரிக்கவில்லை, ஆபீஸில் போய் நிற்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒரே காப்பீடு ஜமீலா அக்காவின் கால்கள்தான்.

ஆனால் கால்களால் எல்லாம் முடியுமா?

சுகன்யா என்று ஒருத்தி இருந்தாள். பச்சைப் பட்டை. நாலு எட்டு ஓடினால் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிடுவாள். இதயத்தில் ஏதோ கோளாறு, பெரிய ஆபரேஷன், அதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. சில நாள் கழித்து அவள் அம்மா மட்டும் வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

“சுகன்யா எங்கக்கா?” என்று கேட்டேன்.

“அவங்க ஊருக்குப் போயிட்டாங்க கண்ணு,” என்றார் ஜமீலா அக்கா.

சாயங்காலம் அவிழ்க்கும் பட்டைகளை அவர் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பார். சுகன்யாவின் பச்சைப் பட்டை அந்த ஆணியிலேயே வெகுநாள் தொங்கியது. அவள் ஊரில்தான் இருக்கிறாள் என்று பத்தாம் வகுப்பு வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்த அன்று ரொம்ப நேரம் அழுதேன்.

இப்போது புரிகிறதா, தன்ஷிகாவின் டம்ளர் என்னை ஏன் அப்படிச் செய்தது என்று?

அந்தப் பட்டைதான் வழியும் காட்டியது. என் ஸ்டிக்கர் பிள்ளையிடம் என்ன குறை என்று காட்டியது. ஜமீலா அக்காவின் பட்டை, இந்தப் பிள்ளைக்காக எங்கே ஓட வேண்டும் என்று காட்டியது. நான் டேபிள் போட்டு உட்கார்ந்து அம்மாக்களை வரச்சொன்னேன். அவரோ எழுந்து ஓடினார்.

மறுநாள் பதினோரு மணி டீ டைமில், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நேரே செக்கிங் ஹாலுக்குப் போனேன்.

“தப்பு என்ரதுதான் கண்ணு. ஒட்டியிருக்கவே கூடாது,” என்றேன்.

முத்துமாரி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “எனக்கு மட்டும் ஆசையாக்கா, பிள்ள வலியில அழுறதப் பாக்க? பேரு சேக்கணும்னா ஊருக்குப் போகணும், லீவு கெடைக்கலன்னுதான் தள்ளிக்கிட்டே போச்சு. சாயங்காலம் ஒங்க டேபிள்ல உக்காந்தா ஆறு மணி பஸ்ஸு போயிரும். பசியில இருக்க பிள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்க?”

ஆறு மணி பஸ்! இது என் மூளைக்கு எட்டவே இல்லையே.

“ஊருக்கெல்லாம் போக வேண்டாம் சாமி. இங்கிருந்தே சேத்தரலாம்,” என்றேன். அவள் நம்பவில்லை. அங்கேயே மாமனாருக்குப் போன் போட்டாள். கார்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது படத்தில்தான் அவர் விரல் மறைக்காமல் இருந்தது. டீ ஆறுவதற்குள் ஃபாரம் முடிந்தது. அன்று சாயங்காலமே சுபா டீச்சர் அதை இ-சேவை மையத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் தன்ஷிகா கிரீச்சுக்கு வந்துவிட்டாள்.

அதன்பிறகு டேபிளை மடித்து வைத்துவிட்டோம். தினமும் டீ டைமில் ஒரு செக்‌ஷன். டீச்சர் கட்டிங் வேஸ்ட் கேட்டு வாங்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டை கட்டுகிறார். நீலம், பச்சை, மஞ்சள்... முதல் நாள் அதைப் பார்த்தபோது பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பெயர் ஏறியது. அட்டை வந்தது. ஆபரேஷன் நடந்தது. போன திங்கட்கிழமை தன்ஷிகா கையில் பச்சைப் பட்டையோடு கிரீச் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். இருமினாள். டீச்சரும் நானும் சட்டென்று அவள் வயிற்றைப் பார்த்தோம். ஒன்றுமில்லை!

நான் அசந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் என் கைப்பையைக் கிளறி, மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, பொட்டு வைப்பதுபோல என் நெற்றியில் ஒட்டிவிட்டாள். அம்பு மேலே பார்த்தபடி நிற்கிறது.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த முத்துமாரி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள், செக்கிங்கில் பீஸைப் பார்க்கிற அதே பார்வை.

“சரியான எடத்தத்தாங்க்கா காட்டியிருக்கா,” என்றாள்.