போலா காட்டிக்கொண்டே இருந்தது

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா போன புதிது. கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். கணவருக்கு வங்கி வேலை. மாடியில் வீட்டுக்காரர்கள், வயதான வங்காளித் தம்பதி. அந்த அம்மாளை மாஷிமா என்றும் அவரை மேஷோமஷாய் என்றும் கூப்பிடுவேன், நம் பக்கத்தில் பெரியம்மா, பெரியப்பா என்பதுபோல. அவர்களுக்கு நான் பௌமா, அதாவது மருமகள்.

அப்படிக் கூப்பிட அவர்களுக்கு வேறு யாரும் இல்லை. ஒரே பையன். நாங்கள் குடிபோவதற்குச் சில வருஷம் முன்னால், காலேஜில் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு சாயங்காலம் டீ குடித்துவிட்டு வெளியே போனான். திரும்பி வரவேயில்லை. கலவரமும் போலீஸ் வேட்டையுமாக இருந்த அந்தச் சமயத்தில் அந்த ஊரில் அப்படிப் போன பிள்ளைகள் நிறையப் பேராம். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று அலைந்து அலைந்து இரண்டு பேரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். இருக்கிறானா, இல்லையா என்றுகூடத் தெரியாது.

அவன் விட்டுப்போனது போலாவைத்தான். தெருவில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்த்திருக்கிறான். நான் பார்க்கும்போது அதற்கு வயதாகி, தொப்பை போட்டு, பெரும்பாலும் கேட் பக்கம்தான் படுத்திருக்கும். மாஷிமா தினமும் மீனில் முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து ஊட்டுவார். "அவன் வந்தா அம்மா எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டான். போலா எங்கேன்னுதான் கேப்பான்" என்பார்.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அதிலும் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, அரிசிமாவு அரைத்து, வராந்தாவின் சிவப்புத் தரையில் இழைக்கோலம் போட்டு நிமிர்ந்தேனோ இல்லையோ, போலா வந்து உட்கார்ந்தது. பின்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, முன்னங்காலால் உந்தி உந்தி, பின்பக்கத்தைத் தேய்த்தபடியே கோலத்தின் நடுவில் இழுத்துக்கொண்டு போனது. "நாசமாப் போற நாயே!" என்று கத்திவிட்டேன். என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் வையுத? நீ போட்டது ஒரு கோலம், அது போட்டது ஒரு கோலம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளும் தேய்த்தது. அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டருகே நின்று கைதட்ட ஆரம்பித்தார்கள்.

வயிற்றில் பூச்சி இருக்கும் என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன வந்தாலும் முதலில் விளக்கெண்ணெய்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை மாஷிமாவிடம் கொடுத்தேன். அதைக் குடித்த போலா நாள் முழுக்கப் பின்கட்டுக்கும் கேட்டுக்கும் அலைந்தது. தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. உடனே மேஷோமஷாய் தன் ஹோமியோபதிப் பெட்டியை எடுத்தார். அந்த ஊரில் அந்தப் பெட்டி இல்லாத வீடு அபூர்வம். தடிப் புத்தகத்தை மடியில் விரித்து, டாக்டர் மாதிரியே விசாரணை நடத்தினார். அரிப்பு காலையில் அதிகமா, சாயங்காலமா? தனியாக இருக்கப் பயப்படுகிறதா? கனவு காண்கிறதா?

"காணுது. தூக்கத்துல வாலை ஆட்டுதே" என்றார் மாஷிமா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாஷிமா மட்டும் சிரிக்கவில்லை. யாரைக் கனவில் பார்த்து வால் ஆட்டுகிறது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. 

வெள்ளை உருண்டைகள் ஒரு வாரம் போலப் போயின. போலா எப்போது பார்த்தாலும் வாலடியை நக்கிக்கொண்டே கிடந்தது. கிட்டே போனால் அழுகின மீன் நாற்றம். மீன் தின்கிற நாய் வேறு எப்படி நாறும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உட்காருவதை விட்டுவிட்டது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் சோற்றையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வராந்தாவைத் துடைக்கப் போனால் தரையில் சீழும் ரத்தமுமாக ஒரு கோடு. மாஷிமாவைக் கூப்பிட்டேன். அவர் இறங்கிவந்து வாலைத் தூக்கிப் பார்த்தார். ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீங்கி, உடைந்திருந்தது. "மா கோ!" என்று அம்மாவைக் கூப்பிட்டு அலறி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். என் கணவர் ஆபீஸ் போய்விட்டார், மேஷோமஷாய்க்கு மூட்டுவலி. டாக்ஸி எதுவும் வரவில்லை. கைரிக்ஷாக்காரர் ஒருவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம். நாயைத் தொட்டால் குளிக்கிற நான், பழைய புடவையில் சுற்றி அதை மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு கொதித்தது. ரிக்ஷா தண்ணீரைப் பிளந்துகொண்டு மெல்லப் போனது. வழி நெடுக மாஷிமா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன், பௌமா?"

கால்நடை டாக்டர் பார்த்ததும் கோபப்பட்டார். "எத்தனை நாளா தேய்க்குது?" என்று கேட்டார். நாங்கள் விளக்கெண்ணெய், உருண்டை எல்லாம் சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டார்.

"தேய்க்கிறது வேடிக்கை இல்லம்மா. ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னப் பை இருக்கு. மலம் கெட்டியாப் போனா அதுல இருக்கிற கசிவு தானா வெளியே வந்துடும். இளகிப் போனா வராது, அடைச்சுக்கும். நீங்க பேதிக்கு வேற குடுத்திருக்கீங்க. பூச்சி இருந்தாலும் தேய்க்கும்தான், ஆனா பூச்சியா பையான்னு வீட்டுல உக்காந்துட்டு எப்படித் தெரியும்? ஒரு தரம் ரெண்டு தரம் தேய்ச்சா விட்டுடலாம். விடாம தேய்ச்சா, அங்கேயே நக்கினா, நாத்தம் அடிச்சா அன்னிக்கே வரணும். விரலால அமுக்கி எடுத்திருப்பேன். வீங்கி, ரத்தம் வந்து, சோறு இறங்காத வரைக்குமா வெச்சிருப்பீங்க? பாவம், அதுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கிட்டேதானே இருந்திருக்கு!"

பிழைக்குமா என்று கேட்டேன். வயசான உடம்பு, சீழ் உள்ளே பரவியிருக்கிறது, பார்க்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து போலா ஒரு தரம் ஊளையிட்டது. பிறகு சத்தமே இல்லை.

வெளிப் பெஞ்சில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தோம். மாஷிமா சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அவனும் சொல்லிக்கிட்டேதான் இருந்தான், பௌமா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கடைசியா அந்த ஒரு மாசம் சரியாவே சாப்பிடல. தட்டுல இருக்கிற மீனை போலாவுக்குப் போட்டுட்டு எழுந்துடுவான். மொட்டை மாடியில போய்த் தனியா நிப்பான். வாசல்ல யாராவது கூப்பிட்டா அவனுக்கு முகம் மாறும். அவங்கப்பா, பையன் காதல்ல விழுந்துட்டான்னு கேலி பண்ணுவார். நானும் சிரிச்சேன். என்னடா ஆச்சுன்னு ஒரு நாள் கேக்கல. சிரிச்சேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். நாய் நாற்றம் அடித்த என் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

போலா பிழைத்துக்கொண்டது. ஊசியும், டாக்டர் சொன்னபடி வெந்நீரும் உப்பும் வைத்துப் புண்ணைக் கழுவுவதுமாக நாட்கள் போயின. பிறகு அது கொஞ்சம் தேய்த்தாலும் ரிக்ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு நானே டாக்டரிடம் போனேன். கோலத்தின் மேல் நடந்தால் திட்டுவதையும் விட்டுவிட்டேன். அவன் மட்டும் வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலக் காலையில் போலா கேட்டருகே தூக்கத்திலேயே போய்விட்டது. பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு மாஷிமா கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இனி அவன் வந்து கேட்டா, வயசாகிப் போயிட்டுதுன்னு சொல்லலாம். கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்ல வேண்டாம், பௌமா."

எங்களுக்கு மாற்றல் வந்து அந்த ஊரை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் பிள்ளைகள் வளர்ந்த நாட்களிலும் சரி, இப்போதும் சரி, வீட்டில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்து மற்றவர்கள் சிரிக்கும்போது, எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிடுகிறேன்.