லேட் ஆனது கையா, கம்ப்யூட்டரா

ஆம்பூரில் நான் ஹார்டுவேர் சர்வீஸ் பார்த்த காலத்தில், அதாவது இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், எங்கள் கடைக்கு வேலை பெரும்பாலும் ஷூ கம்பெனி ஆபீஸ்களிலிருந்துதான் வரும். பிரின்டர் பேப்பர் இழுக்காது, மானிட்டர் இருட்டாக இருக்கும், ஃபிளாப்பி உள்ளே மாட்டிக்கொள்ளும். கேம் ஓடுவதற்காக சிஸ்டத்தை அப்கிரேட் பண்ண வேண்டும் என்று யூனிஃபார்மோடு ஒரு நர்ஸ் வந்து நின்றபோது முதலாளி கரீம் பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கேமுக்கா சிஸ்டர்? பசங்க கேக்கறாங்களா?"

"பசங்க இல்ல பாய். என் வீட்டுக்காரருக்கு."

அந்த நர்ஸின் பெயர் நவமணி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. டியூட்டி முடிந்து காட்பாடியில் ரயில் பிடித்து நேராகக் கடைக்கு வந்திருந்தார். ஊர் மாறிப் போன டாக்டர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய சிஸ்டமாம்.

"கார் ரேஸ் போட்டா விட்டு விட்டு ஓடுது. அவரக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றாரு. யாராவது வந்து பாத்தா நல்லாருக்கும்."

"ரேம் கம்மியா இருக்கும்" என்றார் பாய், என் பக்கம் திரும்பி. "ரேவதிம்மா, நீ போய்ப் பாரு."

1. ரெட்டித்தோப்பு வீடு

நவமணியின் கணவர் டேவிட்டுக்கு நாற்பது வயது இருக்கும். ஷூ கம்பெனியில் கட்டிங் ஆபரேட்டர். தோலை விரித்து, தழும்பும் ஓட்டையும் இல்லாத இடம் பார்த்து வெட்டும் அச்சான டையை வைத்து, பிரஸ்ஸை இறக்கி வெட்டுகிற வேலை. திடீரென்று பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது. காலை லேசாக இழுத்து நடந்தார். கை மட்டும்தான் பாக்கி. விரலுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால்தான் நவமணி ஜாய்ஸ்டிக்கோடு அந்த சிஸ்டத்தை வாங்கியிருக்கிறார்.

"உங்கள இன்னாத்துக்கு அலைய விட்டா?" என்றார் டேவிட். "சிஸ்டம் நல்லாத்தான் இருக்குது."

"ஸ்லோவா ஓடுதுன்னு சொன்னாங்கண்ணா."

"ஸ்லோவா இருக்கறது இதும்மா." இடது கையால் வலது கையைத் தூக்கி டேபிள்மேல் வைத்தார்.

கேமைப் போட்டுக் காட்டினார். ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தார். கார் நேராகவே போய், ஒரு கணம் உறைந்து, பிறகு திரும்பியது. அதற்குள் சுவரில் இடித்துவிட்டது.

"பாத்தீங்களா? திரும்பணும்னு நெனைக்கறேன். கை அப்புறமாத்தான் போவுது. இந்தக் கைய வச்சிக்கினு பிரஸ் முன்னாடி நின்னா விரல் மிஞ்சுமா?"

நவமணி சமையலறை வாசலிலிருந்து சொன்னார். "கம்பெனியிலேருந்து ஆளனுப்பிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்து மேனேஜரப் பாக்கணுமாம், இல்லன்னா அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டுடுவாங்களாம். இவரு போவ மாட்டேன்னு ஒக்காந்துட்டாரு. தெரபிஸ்ட் கை நல்லா வருதுன்னு சொல்லியும் நம்பல."

"இன்னொரு தடவ ஓட்டுங்கண்ணா" என்றேன். இந்த முறை நான் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். வளைவு வந்ததும் கை உடனே சாய்ந்தது. கார்தான் பிறகு திரும்பியது.

ஜாய்ஸ்டிக்கை வாங்கி நானே ஓட்டினேன். அதே வளைவு, அதே சுவர்.

"என் கையும் லேட்டாத்தான் போவுது பாருங்க."

"உங்களுக்கு ஓட்டத் தெரியலம்மா" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கேபினெட்டைத் திறந்தேன். ரேம் ஆபீஸ் கணக்கு போடுவதற்குத்தான் போதும். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, மதர்போர்டில் அதற்கான ஏஜிபி ஸ்லாட் தூசி அடைந்து காலியாக இருந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் பல படங்களை வரைந்து தள்ள வேண்டும். அது திணறினால் படம் குறையும், நம் கை அசைவும் தாமதமாகத்தான் ஸ்கிரீனுக்கு வரும். இதை டேவிட்டிடம் விளக்கினேன். தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

2. நடுவழியில் நின்றது

அடுத்த முறை கார்டும் ரேமும் கொண்டுபோய் மாட்டி, டிரைவர் இன்ஸ்டால் செய்து கேமைப் போட்டேன். முன்பு சாம்பல் பட்டையாகத் தெரிந்த ரோடு, மழை பெய்து ஓய்ந்த ரோடாக இருந்தது. அதில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது. மேகம் நகர்ந்தால் தண்ணீருக்குள்ளும் நகர்ந்தது. இத்தனை நாளும் இதெல்லாம் அந்த சிடிக்குள்ளேயே இருந்திருக்கிறது, காட்டத்தான் மெஷினுக்குச் சக்தி இல்லை. நவமணி கரண்டியோடு வந்து, "ரோட்ல தண்ணி நிக்குது" என்றார், ஏதோ தன் வீட்டுத் தெருவைச் சொல்வதுபோல.

டேவிட் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். முதல் வளைவுக்கு வரும் முன்பே ஸ்கிரீன் கறுத்தது. சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி போட்டோம், மறுபடியும் அதே.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "விடும்மா. எனக்கும் இதுக்கும் ஒத்து வரல." உள்ளே போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கடைக்கு போன் பண்ணினேன். பாய் கேட்டவுடனே சொன்னார். "எஸ்எம்பிஎஸ்தான்மா. புது கார்டு இழுக்கற கரண்ட் அதால குடுக்க முடியல. அந்தப் பக்கம் பகல்ல டேனரிங்க தோல் பதப்படுத்தற ட்ரம்ம ஓட்டினா வோல்டேஜும் கம்மி. நல்லதா ஒண்ணு பேரணாம்பட்டு கஸ்டமருக்கு எடுத்து வச்சிருக்கேன், அத எடுத்துனு போ. அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அந்த மனுஷன் மனசு விட்டுட்டா பேஜாராயிடும்."

கம்ப்யூட்டருக்கு வேண்டிய கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். கார்டு, ரேம் பார்க்கிறவர்கள் அதைப் பார்க்க மறந்துவிடுவார்கள். அன்றைக்கு நானும் மறந்திருந்தேன்.

3. வளைவு

மறுநாள் காலை நவமணிக்கு லீவு. நான் எஸ்எம்பிஎஸ் மாற்றி கேமை நானே ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. டேவிட்டைக் கூப்பிட்டேன், சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.

"எழுந்து வாங்க" என்றார் நவமணி, கட்டில் பக்கத்தில் நின்று. "அந்தப் பொண்ணு உங்களுக்காகத்தான திரும்பத் திரும்ப வருது."

வந்தார். எங்களுக்காக ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போய்ப் படுப்போம் என்கிற முகத்தோடு உட்கார்ந்தார்.

வளைவு வந்தது. கை சாய்ந்தது. அந்த நொடியிலேயே கார் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சுவர் பக்கவாட்டில் ஓடி மறைந்தது. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. திடீரென்று டேவிட் காரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். மற்ற கார்களெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் ஜாய்ஸ்டிக்கை மெதுவாக இடப்பக்கம் தள்ளினார். முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம். சக்கரமும் வலப்பக்கம். ஒரு நூல் அளவு. சக்கரமும் ஒரு நூல் அளவு. நின்ற காரின் சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் மாட்டிய கார்டுதான், நான் போட்ட டிரைவர்தான். ஆனால் அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது நான் செய்த வேலை மாதிரியே இல்லை.

"நவமணி, இங்க வா" என்றார்.

"இங்கதான நிக்கறேன்."

"கை லேட்டு இல்ல."

"நானும் இத்தினி நாளா அதத்தான சொல்றேன்."

"நீயும் தெரபிஸ்டும் பாவம் பாத்துச் சொல்றீங்கன்னு நெனச்சேன். இந்த மெஷினுக்கு என்னப் பாத்து இன்னா பாவம்?"

நவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசிக்குள் டேவிட் கம்பெனிக்குப் போனார். பிரஸ் வேலைக்கு டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. தோல் தரம் பிரிக்கிற செக்ஷனில் போட்டார்கள். தோலை விரல்களால் தடவி, எது மேல் ரகம், எது கீழ் ரகம் என்று சொல்கிற வேலை. கட்டிங்கில் இத்தனை வருடம் தோலோடு பழகியவருக்கு அது புதிதில்லை. சர்வீஸுக்காக அந்தக் கம்பெனிக்குப் போனபோது ஒருமுறை பார்த்தேன். வலது கையைத் தோல்மேல் ஓட்டிக்கொண்டே, "அடுத்த ரேஸ் சிடி வந்தா சொல்லும்மா" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ சிஸ்டம் அப்கிரேட் செய்திருக்கிறேன். டேவிட் வீட்டுக்குப் போகும்வரை எனக்கு ஸ்பீட் என்பது டப்பாவின்மேல் அச்சடித்திருக்கும் ஒரு நம்பர். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். ஸ்லோ என்று ஒருவர் வந்தால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். அவரை உட்காரவைத்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள். மெஷினிடம் இருக்கிற குறையைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.