போட்டோ சிரிக்காது

அனுமந்தன்பட்டி சுருளிராஜன் மூன்று பேய்ப்படமும் ஒரு சூப்பர் ஹீரோ படமும் எடுத்தவர். பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறி நிற்கிற மனுஷன் பேயை வைத்துப் பிழைத்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நாங்கள் பக்கத்து வீடு, கண்ணால் பார்த்திருக்கிறோம்.

முதல் படத்தில், செத்துப்போன மருமகளின் போட்டோ ஒன்று மாலையோடு சுவரில் தொங்க வேண்டும். நடிகைகள் யாரும் போட்டோ தரவில்லை. மனைவி நாகஜோதியின் போட்டோவை எடுத்து மாட்டிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அதோடு தோஷம் போய்விடும். போட்டோ எங்கே சிரிக்கப்போகிறது என்று இவர் விட்டுவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்.

கம்பம் தியேட்டரில் படம் வந்த அன்று மாமியார் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். திரையில் மாலையோடு மகள் முகம் வந்ததும் மாமியார் பஞ்சம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அதுவும் படத்தோடு சேர்ந்தது என்று கூட்டம் கைதட்டியது. நாகஜோதி அழவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினாள்.

"உசுரோட இருக்கவளுக்கு மால போட்டுட்டீக" என்றாள். பழனிசெட்டிபட்டிக்குப் போய்த் தையல் கடை வைத்துக்கொண்டாள்.

அடுத்த படங்களும் ஓடின. ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு டிக்கெட் அனுப்புவார். தியேட்டரில் பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு, கடைசிவரை யாரையும் உட்காரவிடமாட்டார். பார்க்கிற எங்களுக்கே மனசு கேட்காது.

போன வருஷம் சூப்பர் ஹீரோ படம். கிரேனில் கயிறு கட்டி, திராட்சைப் பந்தலுக்கு மேல் ஹீரோவைப் பறக்கவிட்டார். வேட்டியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தொங்குகிறான் என்று ஊரே கேலி பேசியது. அந்தக் கதையிலும் ஹீரோவின் செத்த மனைவிக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. பழையதே இருக்கிறதே என்று உதவியாளர் எடுத்து நீட்டினார். சுருளிராஜன் அதை வாங்கிக்கொண்டு நேராகத் தையல் கடைக்குப் போய் அவளிடமே கொடுத்தார். விட்டுப்போன அந்தச் சிரிப்பை மட்டும் வந்து சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

"படத்துல சேக்கமாட்டேன், ஜோதி. உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தெனமும் பயமாருக்கு."

மறுநாள் பஸ் ஏறி வந்தாள். பந்தலடியில் கேமரா முன்னால் நின்றாள். சிரிப்புத்தான் வரவில்லை. அந்நேரம் மேலே ஹீரோ கயிற்றில் சிக்கித் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுருளிராஜன் கட் சொல்ல மறந்துபோனார்.

பிறகு, வீட்டுக்கு வருகிறாயா என்று மெல்லக் கேட்டார்.

"தோசம் போச்சு. கோவம் போகல. அன்னைக்குக் கேட்டிருந்தா நானே மால போட்டு நின்னிருப்பேன்" என்றாள். "டிக்கெட்டும் இனிமே அனுப்பாதீக. வந்து கேளுங்க."

படம் வெளியான அன்று அவர் தியேட்டர் பக்கமே போகவில்லை. தையல் கடை வாசலில் போய் நின்று, படத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். அவள் தலை நிமிரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பத்தில் முதல் காட்சி தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மிஷினை நிறுத்தாமலே, காலால் ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.