குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்

குளத்துக்குக் காவல் இருப்பவனுக்கு வேலை இரண்டு: மனுஷரிடமிருந்து தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும், தண்ணீரிடமிருந்து மனுஷரைக் காப்பாற்ற வேண்டும்; இரண்டு தரப்பும் சொன்ன பேச்சுக் கேட்காது. பஸ் படியில் தொங்காதே என்று கத்தும் கண்டக்டர், ஆஸ்பத்திரி வராந்தாவில் துப்பாதே என்று கெஞ்சும் வார்டுபாய், இன்னும் ‘கூடாது’ என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிச் சோறு தின்னும் என் இனத்தார் எல்லோரும் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டால் போதும்.

அறுபதுகளில், செஞ்சிக் கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த ஒரு குளத்துக்கு என்னைக் காவலாகப் போட்டார்கள். அதற்கு முந்தின கோடையில் ஊரில் வாந்திபேதி வந்து போனதால்தான் இந்தக் காவல். ஆறு மாதம் தற்காலிக வேலை; அதுவரை ஒருவரும் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் நிரந்தரம். நிரந்தரம் ஆனால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று என் மாமனார் அவலூர்பேட்டையில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வேலைக்கு எடுத்த பஞ்சாயத்து ஆபீசர் என்னிடம், “நீந்தத் தெரியுமா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எங்க ஊர்ல பெரிய ஏரியே இருக்குது சார்” என்றேன். ஏரி இருந்தது நிஜம். அதில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை என்பதும் நிஜம். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் விதி

இந்த ஆபீசர் மெட்ராஸ் போயிருந்தபோது அங்கே ஒரு நீச்சல்குளத்தைப் பார்த்திருக்கிறார். வாசலில் இருந்த விதிகளை ஒன்று விடாமல் எழுதிவந்து, அப்படியே பெரிய பலகையில் பெயிண்டால் எழுதவைத்து, எங்கள் குளத்தங்கரையில் நட்டுவிட்டார். முதல் விதி: ‘குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்.’

வந்த முதல் சனிக்கிழமையே எண்ணெய்ச் செக்கு ஏழுமலை உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய வழிய வந்து நின்றார். நான் பலகையைக் காட்டினேன். உரக்கப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: “வூட்ல குளிக்கத் தண்ணி இருந்தா நான் இன்னாத்துக்குப்பா கொளத்துக்கு வரேன்?”

உடை

இரண்டாவது விதி, ‘நீச்சல் உடை அணியாதவர் இறங்கக் கூடாது.’ அது என்ன உடை என்று எனக்கே தெரியாது. ஆபீசரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, “சின்னதா இருக்கும்யா, இறுக்கமா இருக்கும்” என்று கையால் அளவு காட்டினார்.

மறுநாள் காலை, மலையடியில் வேர்க்கடலை பயிரிடும் முனுசாமிப் பெரியவர் வந்தார். நான் தடுத்து நிறுத்தி, ஆபீசர் காட்டியது போலவே கையால் காட்டி விளக்கினேன். அவர் வேட்டியை அவிழ்த்துப் படியில் வைத்தார். உள்ளே கோவணம். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: “இத்தவிட சின்னதா மெட்ராஸ்காரன் இன்னாத்தக் கட்டிக்கினு வருவான், நீயே சொல்லு.”

தொப்பி

தலைமுடி தண்ணீரில் விழாமலிருக்கத் தொப்பி அணிய வேண்டும் என்பது மூன்றாவது விதி. தொப்பிக்கு எங்கே போவது? துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முங்கினார்கள். எழுந்ததும் அந்தத் துண்டை அங்கேயே கசக்கிப் பிழிந்தார்கள். ஒருநாள் மொட்டை போட்டிருந்த ஒருவரைத் தொப்பி இல்லாமல் உள்ளே விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. செய்தி பரவிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முடிவெட்டும் கோவிந்தன் கத்தி, கிண்ணம், கண்ணாடி சகிதமாகப் படித்துறை மேலேயே கடை விரித்துவிட்டார். தொப்பி இல்லாதவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வீச வீச, எந்த முடி தண்ணீரில் விழக் கூடாதென்று விதி போட்டோமோ அந்த முடியெல்லாம் கொத்துக் கொத்தாய்க் குளத்தில் மிதந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது: “ஒத்தை ஆளா கஷ்டப்படறியேன்னு ஒத்தாசைக்கு வந்தா, மூஞ்சியக் காட்றியே!”

விசில்

ஆபத்து நேரத்தில் ஊத ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். நீந்தத் தெரியாத பயத்தில், யாராவது நாலாவது படியைத் தாண்டினாலே நான் ஊதிவிடுவேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் முங்கி எழுந்து போகிற குளம் அது. நான் ஊதியதும் கண்டக்டர் ஊதியதாக நினைத்து, சொட்டச் சொட்டப் பையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பாசிப் படியில் ஓடினார்கள். ‘ஓடக் கூடாது’ என்பது ஐந்தாவது விதி. வழுக்கி உட்கார்ந்த ஒரு நெல் வியாபாரி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “விசில் சத்தம் கேட்டா ஓடறதுதாம்பா மனுசன் கொணம். ஓடக் கூடாதுன்னா ஊதாத.”

கன்னியம்மாவின் எருமை

நீச்சல்குளத்து விதிகளில் எருமையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மெட்ராஸ் குளத்துக்கு எருமை வராது போலிருக்கிறது. எங்கள் குளத்துக்கு வந்தது. ஆறு மாதம் முடிய நாலே நாள் இருக்கையில், பால்காரக் கன்னியம்மா தன் எருமையைச் சரிவு வழியாகத் தண்ணீரில் இறக்கிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். “யக்கா, எருமைய ஓட்டு!” என்று விசிலும் குச்சியுமாகப் படியில் இறங்கி ஓடினேன். பாசி வாரிவிட்டது. ஆழத்தில் போய் விழுந்தேன்.

விசில் பல்லிலேயே இருந்ததால் ஊதிக்கொண்டே மூழ்கினேனாம். கரையில் இருந்தவர்கள் நான் விளையாடுகிறேன் என்று சிரித்தார்கள். எனக்கு மாதாவும் நினைவுக்கு வந்தாள், மனைவியும் நினைவுக்கு வந்தாள். கன்னியம்மாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. எருமையை ‘ஹேய், ஹேய்’ என்று என் பக்கம் விரட்டி, “வாலப் புடிடா! உடாத புடி!” என்று கத்தினாள். பிடித்தேன். எருமை அவசரமே படாமல் என்னை இழுத்துவந்து சேற்றில் போட்டது. நான் தண்ணீரைக் கக்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்று, கன்னியம்மா கேட்டாள்: “நீந்தத் தெரியாதவன் ஆழத்துக்குப் போவாதன்னு தெனம் தொண்ட கிழியக் கத்துறியே சூசை, அது ஊருக்கு மட்டுந்தானா?”

ஆபீசர்

என் சட்டை காய்வதற்குள் சேதி ஆபீசுக்குப் போய்விட்டது. கூப்பிட்டனுப்பினார். அவலூர்பேட்டை இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: ஏரி, முழங்கால், பொய், பயம், எல்லாம். பேசப் பேச அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“ஆறு மாசத்துல எத்தனை பேர் மூழ்கினாங்க?”

“யாரும் இல்ல சார். நான்தான் கொஞ்சம்.”

மேஜை டிராயரை இழுத்தார். பிறகு என் நிரந்தர உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “வெளியில சொல்லாதே சூசை. மெட்ராஸ்ல எல்லாரும் தண்ணியில குதிச்சாங்க. எறங்கப் பயந்துகிட்டு, நான் ரெண்டு மணி நேரம் அந்தப் பலகையையே பார்த்து எழுதிக்கிட்டு நின்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப்போய் என் பெண்டாட்டியை அழைத்துவந்தேன். தண்ணீர் வேலைக்கு வீரனைவிடப் பயந்தாங்கொள்ளிதான் தோது என்பதை என் மாமனார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.