யோகம் ரீச்சரும் அடிக்கடி நின்ற காரும்

அன்று காலை கோப்பாய்ச் சந்தியில் வழக்கம்போலக் காத்து நின்றேன். யோகம் ரீச்சரின் கார் வரவில்லை. வழக்கம்போல அதைத் திட்டிக்கொண்டு நின்றேன். உரும்பிராயில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் தேவனிடமிருந்து போன் வந்தபோது, சுகம்கூட விசாரிக்காமல், "இண்டைக்கு என்ன, கிளச்சோ?" என்று கேட்டேன். தேவன், "கார் முற்றத்திலை நிக்குது ரீச்சர். அவதான் எழும்பேல்லை" என்றார். யோகம் ரீச்சரின் உயிர் நித்திரையிலேயே போய்விட்டது. பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துப் போனேன்.

அவரோடு படிப்பித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் அந்தக் காரை ஒருமுறையாவது தள்ளாதவர்கள் குறைவு. கணவர் இறந்த அடுத்த வருடம், பல கை மாறிய அந்த வெள்ளை ஜப்பான் காரை அவர் வாங்கினார். பிள்ளைகள் இல்லை. பெரிய வீட்டில் தனியே இருந்துகொண்டு, தென்மராட்சியில் இருக்கும் எங்கள் பாடசாலைக்குத் தானே ஓட்டி வந்தார். வழியில் என்னை ஏற்றிக்கொள்வார். எனக்கு அந்தக் காரை ஒருநாளும் பிடித்ததில்லை. அஞ்சலி எழுதும்போது குறை சொல்லக்கூடாதுதான், ஆனால் காருக்கு அந்த மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை.

றேடியேற்றர் ஒழுகும். அதைச் சரிசெய்தால் வோட்டர் பம்ப் போகும். சூடேறி ஹெட் காஸ்கட் எரிந்த மாதம் அவருடைய சம்பளம் முழுவதும் தேவனின் கராஜுக்குப் போனது. டொலர் ஏறிய பிறகு எந்தச் சாமானையும் விலை கேட்கவே பயம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த பழைய ஓல்ரனேற்றர் ஒன்றுக்குக் கொடுத்த காசில், முன்பென்றால் அரைக் காரே வாங்கியிருக்கலாம். தேவன் நாலைந்து குறைகளை அடுக்கினால் ரீச்சர் முதலில் பிரேக்கைத்தான் செய்விப்பார். மற்றதெல்லாம் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப்போகும். "ஓடாட்டில் றோட்டிலை நிப்பம், அவ்வளவுதான். நிக்காட்டில் ஆரையெண்டாலும் சாக்காட்டிப் போடுவம் பிள்ளை" என்பார். அப்படியே நாங்களும் றோட்டில் நின்றோம்.

கனடாவில் இருக்கும் அவருடைய தமையனார் ஞாயிறு தோறும் அழைப்பார். "உந்தக் காரை வித்துப்போட்டு, வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை வா. தனியக் கிடந்து என்ன செய்யப்போறாய்?" என்பதுதான் எப்போதும் பேச்சு. ரீச்சருக்குப் போக விருப்பமில்லை. "அங்கை போனா நான் ஆரின்ரையோ காரிலை பின்சீற்றிலை இருக்கிற ஆள். இஞ்சை நான்தானே ஓட்டுறன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கார் படுத்துவிட்டதென்று தெரிந்தால் அண்ணர் உடனே ரிக்கற் போட்டுவிடுவார் என்பது அவருடைய பயம். அதனால் காரின் ஒரு குறையும் கனடாவுக்குத் தெரியக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகச்சேரியில் கலியாண வீடு. கோப்பாய் – கைதடி வீதியில் இரண்டு பக்கமும் வெறும் வெளி, ஒதுங்க ஒரு மரமில்லை. அந்த இடம் பார்த்துக் கார் நின்றது. பொனற்றைத் திறந்தால் ஒரே ஆவி. அந்த நேரம் பார்த்துத் தமையனாரின் அழைப்பு. "இல்லை அண்ணை, காருக்கு ஒண்டுமில்லை. காத்து நல்லாயிருக்கெண்டு இறங்கி நிக்கிறம். சாந்தியும் நிக்கிறாள், கேட்டுப்பாருங்கோ" என்று போனை என் கையில் திணித்தார். பட்டுச்சேலையில் வியர்த்து ஒழுகிக்கொண்டு, "ஓம் அண்ணை, நல்ல காத்து" என்றேன். போனை வைத்ததும் சண்டை பிடித்தேன். "இனிமேல் என்னைப் பொய் சொல்ல வைக்காதேங்கோ அக்கா." அவர் சிரித்தார். "காத்து அடிச்சதுதானே பிள்ளை. அதிலை என்ன பொய்?"

பிறகும் பொய் சொல்ல வைத்தார். எத்தனையோ ஞாயிறுகள்.

வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களுக்கு நல்ல விலை வந்தது. காரை வாங்குவதற்கு நானே அளவெட்டியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிப்போனேன். ரீச்சர் அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். காலமையில் இரண்டாம் கியர் விழாது, ஒயில் குடிக்கும், மழைக்கு ஸ்ராட் எடுக்காது, முன்சில்லில் ஒரு சத்தம் இருக்கிறது, ஏனென்று தேவனுக்கும் தெரியாது. அந்தத் தம்பி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "சொல்லாமல் குடுத்தா அந்தப் பெடியன் பெண்சாதி பிள்ளையளோடை நடுறோட்டிலை நிப்பான்" என்றார் ரீச்சர். அண்ணருக்குச் சொல்லும் பொய்யால் அப்படி யாரும் நிற்கப்போவதில்லை என்பது அவர் எண்ணம். நான்தான் நின்றேன். ஆனால் என்னை அவர் வெளி ஆளாக நினைக்கவில்லை.

கடைசிக் காலத்தில் முழங்கால் நோவால் அவருக்குக் கிளச்சை மிதிப்பது கஷ்டமாகிவிட்டது. சில நாட்களில் கோப்பாயிலிருந்து நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து கியருக்குக் கியர் புத்தி சொன்னார். பாடசாலைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பேருக்கும் களைத்துவிடும்.

தமையனார் செத்தவீட்டுக்கு வந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நின்றார். கீரிமலையில் சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கார் முற்றத்தில் நின்றது. ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். 'ரிக்' என்றதோடு சரி. இறங்கி வந்து பொனற்றைத் திறந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்த றேடியேற்றரைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லு தங்கச்சி. இது எவ்வளவு காலமாய் இப்பிடி?"

எனக்கு அலுத்துப்போயிருந்தது. சமையல், சனம், சடங்கு என்று ஒரு மாதம் ஓடிய களைப்பு. இனி யாருக்காக ஒளிப்பது? "எப்பவும் இப்பிடித்தான் அண்ணை" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கண் கலங்கியது. "எனக்குத் தெரியும். வேறை என்னத்தைக் கேட்டாலும், 'சுகமாய் இருக்கிறன்' எண்டு போனை வைச்சிடுவாள். காரை வில் எண்டு சொன்னாத்தான் விடாமல் கதைப்பாள். அதுக்குத்தானே ஒவ்வொரு கிழமையும் சொன்னனான்" என்றார்.

நான் அழுதேன். அவர் திறப்பை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் காரைக் கட்டியழ எனக்குக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ரீச்சர் தந்தது என்று உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். என்னிடம் கார் இருக்கிறது. இதை எழுதும்போது அது கியர்பொக்ஸைக் கழற்றிய நிலையில் தேவனின் கராஜில் கிடக்கிறது. எவ்வளவு காசு முடியும் என்று தேவன் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. கனடா இலக்கம்.

"தங்கச்சி, காரை வித்திட்டியோ?"

"ஏன் விக்கிறன்? நல்லாய் ஓடுது அண்ணை" என்றேன். முந்தநாள் பருத்தித்துறை வரை போய்வந்ததாகவும் சொன்னேன். இந்தமுறை யாரும் போனை என் கையில் திணிக்கவில்லை.