சிற்றம்பலத்தார் மீன் பிடிக்காதவர்

சிற்றம்பலத்தாருக்குக் கடவுள் பயம் கொஞ்சம், ஊரார் பயம் நிறைய. ஆனாலும் ஞாயிறு விடிந்தால் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலிலிருந்து புறப்பட்டு, மார்புவரை ஏறும் ரப்பர் காற்சட்டையோடு நோர்மண்டிக் கடலுக்குள் இறங்கிவிடுவார். கையில் நீண்ட தூண்டில்தடி. நூல் நுனியில் இறகு கட்டிய பொய்ப்பூச்சி. அதைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் சுழற்றி எறிந்தால் பார் மீன், நம்மூர்க் கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, நம்பிக் கௌவும். தூக்கிப் படமெடுத்துவிட்டு, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விடுவார். வேலையிடத்து முதலாளி லூசியனிடம் தொற்றிய பழக்கம்.

கார், கூட வரும் கூட்டாளி மடுத்தீனுடையது. கடல் எப்போது வற்றும், மீனின் கீழுதட்டில் பெருவிரலை எப்படி வைப்பது என்ற அறிவும் அவருடையதுதான், கடற்றொழில் குடும்பம். குளிர் எலும்பைக் கடிக்கும்போது இருவரும் சுடுதண்ணிப் போத்தலின் ஒரே மூடியில் மாறி மாறித் தேத்தண்ணீர் குடிப்பார்கள். நடுக்கடலில் சாதி பார்க்க ஆர் இருக்கினம்?

மகள் நிரஞ்சனா பெருமையில், தகப்பன் மீனும் கையுமாக நிற்கும் ஒரு படத்தை முகநூலில் போட்டாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம். அவளே விரும்பிய பெடியன். பெடியனின் தாய் நாகேஸ்வரி தலையாட்டினால் போதும். நாகேஸ்வரியோ படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மீனைப் பிடிச்சிருக்கிற விதத்தைப் பாத்தால், பழகின கையாக் கிடக்கு."

"ஐயோ அக்கா, நான் பிடிச்சிட்டு விடுறனான். இது இஞ்சை பெரிய மனுசரின்ரை விளையாட்டு."

"தின்னிறதுமில்லை, விக்கிறதுமில்லை. அப்ப என்ன விசருக்கு?" அடுத்த கேள்வி மெதுவாக வந்தது. "பக்கத்திலை நிக்கிறவர் ஆர்?"

"அவர்... சாமான் காவிற ஆள்."

அந்த நேரம் பார்த்தா மணி அடிக்க வேண்டும்? காரில் மறந்த தூண்டில்தடியோடு மடுத்தீன். வழக்கம்போல உள்ளே வந்து, வழக்கமான கதிரையை இழுத்தார். சிற்றம்பலத்தார் குசினிக்குப் போனார். மேசையில் எல்லாருக்கும் பொன்விளிம்புக் கோப்பை. மடுத்தீனுக்கு மட்டும், பிறந்தநாளில் மிஞ்சிய கடுதாசிக் கோப்பை. அதையும் கையில் கொடுக்கவில்லை. வாசலோரச் சப்பாத்துத் தட்டில் வைத்தார்.

"பப்பா!" என்றாள் நிரஞ்சனா. நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மடுத்தீன் கதிரையை இருந்த இடத்தில் வைத்தார். வாசலில் நின்றே குடித்து முடித்தார்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு அண்ணை. கோப்பையைக் கழுவி வைக்கட்டோ, எறியட்டோ?"

"எறி. தடியையும் கொண்டுபோ. உங்கடை ஆக்களின்ரை சாமான் எனக்கேன்?"

கதவு சாத்தியதும் நாகேஸ்வரி இரண்டாவது பலகாரத்தை எடுத்துக் கடித்தார். "அப்ப நாள் பாப்பம்."

கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சிற்றம்பலத்தார் சம்பந்தியம்மாவுக்குப் பை தூக்கிக்கொண்டு லா ஷப்பல் கடைகளில் அலைகிறார். போன கிழமை மீன்கடையில், ஐஸின் மேல் ஒரு பார் மீன் வாயைத் திறந்தபடி கிடந்தது. பெருவிரல் தானாக அதன் கீழுதட்டுக்குப் போனது.

"என்ன, தொட்டுப் பாக்கிறியளோ?" என்றார் நாகேஸ்வரி.

விரலை இழுத்துக்கொண்டார். "சீ, மணக்குது அக்கா," என்று சொல்லி மூக்கையும் பொத்திக் காட்டினார்.